பிரஸ்ஸுக்கு அம்மா வைத்த பொட்டு

ஏரிலும் உளியிலும் எழுதுகோலிலும் ஒருங்கே உறையும் தாயே, என் நாவிலும் சிறிது நேரம் தங்கியருள்.

இன்று புரட்டாசி வளர்பிறை நவமி. ஆயுத பூசை நன்னாள். வைட்ஃபீல்டில் என் மகன் வீட்டில், அவனுடைய மடிக்கணினி சந்தனமும் குங்குமமும் ஏற்று வாழையிலையில் வீற்றிருக்கிறது. அதன்முன் கைகூப்பி நின்றபோது, இதே ஊரில் என் ஏழாம் வயதில் கண்ட பூசைக்கு மனம் ஓடிற்று.

அப்பா ஒரு தொழிற்சாலையில் பிரஸ் மெஷினில் தகடு வெட்டினார். மாலையில் குளித்து, நீறணிந்து, விளக்கின்முன் அமர்ந்து பதிகம் பாடுவார். தொடைமேல் உள்ளங்கையால் ஒரு தட்டு. பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் என்று வலக்கை தாளம் எண்ணும். அவ்வாண்டு ஆடி மாதத்தில் அந்த பிரஸ் அவருடைய சுண்டுவிரலைக் கொண்டுபோயிற்று. அதன்பின் எங்கள் வீட்டில் பாட்டு இல்லை.

காயம் ஆறியது. பூசை முடிந்ததும் வேலைக்குத் திரும்பப்போவதாக அப்பா சொன்னார். அம்மா பெட்டியைக் கட்டத் தொடங்கினாள்.

"குடியாத்தத்துக்கே போயிடலாம். கூழோ கஞ்சியோ குடிச்சிக்கலாம். அந்த மூதேவிகிட்ட உங்கள மறுபடி அனுப்ப மாட்டேன்."

"பூசைக்குக் குடும்பத்தோட வரச் சொல்லியிருக்காங்க. ஒரு தடவை வந்து பாரு. அப்பவும் வேணாம்னா கெளம்பிடலாம்" என்றார் அப்பா.

ஆயுத பூசையன்று மட்டும் தொழிற்சாலைக் கதவு குடும்பத்தாருக்குத் திறக்கும். உள்ளே சாம்பிராணிப் புகையையும் மீறி எண்ணெய் வாடை. வாழைக்கன்றும் சாமந்தி மாலையுமாக, கல்யாணப் பெண்போல நின்றது அந்த பிரஸ். பாவாடையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு அதன் பற்களைத் தேடினேன்.

அப்பாவோடு வேலை பார்த்த கன்னடக்காரர் குங்குமத் தட்டை நீட்டினார்.

"வாங்க அக்கா, ஊட்டா ஆச்சா, சாப்பிட்டீங்களா? இதுக்கு இன்னும் பொட்டு வைக்கல. நீங்களே வெச்சிடுங்க."

அம்மா தட்டை வீசி எறிவாள் என்று காத்திருந்தேன். அவளோ ஓரகத்தியிடம் சண்டைக்கு நிற்பதுபோல் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"ஏண்டி, உனக்குக் கண்ணு இல்ல? தெனம் தொடச்சி, எண்ணெய் போட்டு, என்னக் கவனிச்சதவிட உன்னத்தானே நல்லா கவனிச்சாரு? அந்தக் கையையா கடிப்ப?"

"நல்லா கேளுங்க அக்கா! சூப்பர்வைசரையும் சேத்துக் கேளுங்க!" என்று யாரோ குரல் கொடுக்க, எல்லாரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. இரும்பின் நெற்றியில் பெரிதாகப் பொட்டு வைத்தாள். தன் கூந்தலிலிருந்த கனகாம்பரத்தில் பாதியைக் கிள்ளி அதன் கைப்பிடியில் சுற்றினாள்.

"இனிமே நீ எங்க வூட்டுப் பொண்ணு. பாத்து நடந்துக்கோ" என்றபோது அவள் குரல் உடைந்தது.

பகையாளிக்குப் பூவைக் கொடுத்துவிட்டாளே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. வீட்டுக்கு வந்ததும் அவள் பெட்டியைப் பிரித்தாள்.

அன்று மாலை அப்பா பாடினார். தொடைமேல் ஒரு தட்டு. அடுத்து, சுண்டுவிரல் விழவேண்டிய இடத்தில் கை அந்தரத்தில் நின்றது. அந்த வெற்றிடத்தில் 'டங்' என்று ஓர் ஓசை. கண்ணை மூடியிருந்த அம்மா, மடியிலிருந்த பித்தளைச் சொம்பைத் தன் சுண்டுவிரலால் தட்டியிருந்தாள். பதிகம் முடியும்வரை அந்த ஓசை ஒருமுறைகூடத் தவறவில்லை.

வழக்காடப் போன அம்மா தோற்றுத் திரும்பிவிட்டாள் என்று எண்ணிக்கொண்டே நான் உறங்கிப்போனேன். வெறும் இரும்போடு யாராலும் வழக்காட முடியாது என்பதோ, பொட்டு வைத்து உறவாக்கிய பிறகே அவளால் அதைக் கடியவும் கெஞ்சவும், அப்பாவை அதனிடம் அனுப்பவும் முடிந்தது என்பதோ அன்று எனக்குத் தெரியாது. அச்சத்தில் பிறந்திருக்கக்கூடிய ஒரு வழக்கம், அச்சத்தோடு வாழ அவளுக்கு ஒரு மனத்தைக் கொடுத்திருந்தது.

இன்றும் மடிக்கணினியின்முன் அமர்ந்து அந்தப் பதிகத்தைப் பாடினேன். என் கையில் விரல்கள் எல்லாம் இருக்கின்றன. ஆயினும் முதல் தட்டுக்குப் பின் சற்றே நிறுத்தி, அந்தச் சொம்பின் ஓசைக்காகக் காத்திருந்தேன்.

இதனைப் படிப்போர் கையாளும் கருவி எதுவாயினும் அது அவர்தம் கையைக் காக்க. அவர் விட்ட இடத்தில் தாளம் எடுத்துக் கொடுக்க ஒருவர் அருகிருக்க. எல்லாரும் நீடு வாழ்க.