திருப்பூரில் இல்லாத கணவர்

எனக்கும் மகளுக்கும் ஜீவனாம்சம் கொடுக்கச் சொல்லி குடும்ப நலக் கோர்ட் உத்தரவிட்டதும், என் கணவர் நாரணாபுரம் வீட்டைப் பூட்டிவிட்டு எங்கோ போய்விட்டார். அவர் பெயரில் பிறப்பித்த வாரண்டு, ‘ஆள் இல்லை’ என்று இரண்டு முறை திரும்பி வந்தது. “ஆள் இருக்கிற இடத்தைச் சொன்னாத்தாம்மா பிடிக்க முடியும்” என்றார் வக்கீல். எனக்கு எங்கே தெரியும்?

பட்டாசு ஆலைக்குப் போகிற வேனில், அவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருப்பதாகச் சொல்லி வைத்திருந்தேன். யாரும் மேற்கொண்டு கேட்டுவிடக் கூடாதென்று, ஜன்னலோரம் உட்கார்ந்து தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொள்வேன். சுற்றிலும் பேச்சும் சிரிப்புமாக இருக்கும்.

ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்த மாரியம்மாள் அக்கா, “ஏத்தா, ஒன் வீட்டுக்காரரு திருப்பூர்லருந்து வந்து எம்புட்டு நாளாச்சு? போன தீபாவளியிலருந்து விஸ்வநத்தத்துல எந்தம்பி கூடத்தான வேல பாக்காரு. நீ சொல்லவே இல்ல!” என்றார்.

வேனிலேயே அழுதுவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். “அட கிறுக்கி, இத மொதல்லயே சொல்லக் கூடாதா?” என்று அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்த வாரண்டு விஸ்வநத்தத்தில், அவர் வேலை பார்த்த கம்பெனி வாசலிலேயே அவரைப் பிடித்தது.

இப்போது புதிதாக வருகிற பெண் யாராவது ஜன்னலோரம் கண்ணை மூடிக்கொண்டால், அவள் வீட்டுக்காரர் எந்த ஊரில் இருக்கிறார் என்று நான் கேட்பதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.