வயிற்றெரிச்சல் என்று சொன்னது நான்தான்

போன வருஷம் மழைக்காலம். இலங்கை மலையகத்தில் நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் என் மனைவிக்கு அப்போது நாற்பத்தேழு வயது. ஆறு மாதமாக ஆள் சரியில்லை. முட்டிவலி, படபடப்பு, தூக்கமில்லை. எல்லாரும் குளிரில் நடுங்கும்போது இவள் மட்டும் 'உடம்பு கொதிக்குது' என்று சுவெட்டரைக் கழற்றி எறிவாள். கறியில் உப்பில்லை என்று சொன்னால் அழுவாள், சொல்லாவிட்டால் முறைப்பாள்.

நான் த்ரீவீல் ஓட்டுகிறவன். சிங்களத்தில் புலி என்று எனக்கு நானே சான்றிதழ் கொடுத்துக்கொண்டவன். அவளுக்குச் சிங்களம் வராது. அதனால் டாக்டரிடம் அவளுக்காகப் பேசுவது நான். எங்கள் பக்கம் அதுதான் வழக்கம்.

முட்டிக்கு ஒரு டாக்டர், படபடப்புக்கு ஒருவர், தூக்கத்துக்கு இன்னொருவர். மாத்திரை உறைகள் அலுமாரி நிறைய. ஒன்றுக்கும் கேட்கவில்லை. "இந்த டாக்டர்மாருக்கு ஒரு எழவும் தெரியாது" என்று ஸ்டாண்டில் நின்று கத்துவேன்.

ஒருநாள் மலையில் கொழுந்துக் கூடையோடு மயங்கிச் சரிந்தாள். பக்கத்தில் நின்றவள் பிடித்திராவிட்டால் பள்ளத்தில் உருண்டிருப்பாள். பயந்துபோய், டவுனுக்குப் புதிதாக வந்திருந்த ஒரு பெண் டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்று டாக்டர் சிங்களத்தில் கேட்டார். மனைவியிடம் திரும்பி, "வயிறு எப்படின்னு கேக்குறாங்க" என்றேன்.

"வயிறா? மாசாமாசம் ரெண்டு வாரம் ரத்தம் நிக்காம போகுதுன்னு ஒங்ககிட்ட எத்தன வாட்டி சொல்லிட்டேன். அதச் சொல்லுங்க!"

நான் டாக்டரிடம் சிங்களத்தில் சொன்னேன்: "வயிற்றெரிச்சலாம்."

முந்தைய மூன்று பேரிடமும் இதே புளுகுதான். ஓர் ஆம்பளை அதையெல்லாம் எப்படி வாயால் சொல்வது?

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "ஐயா, எனக்குத் தமிழ் கொஞ்சம் வெளங்கும். அம்மா சொன்னது வேற, நீங்க சொல்றது வேற. போய் வெளிய உக்காருங்க."

ஒரு தமிழ் நர்ஸ் உள்ளே போனார். அரைமணி நேரம். முதலில் அழுகை கேட்டது. பிறகு, மாதக்கணக்கில் கேட்காத அவளுடைய சிரிப்பு.

மாதவிடாய் நிற்கப்போகும் வயதின் மாற்றங்களாம். சூடு, தூக்கமின்மை, அழுகை எல்லாம் ஒரே வேரிலிருந்து வந்தவை. அதிகம் போனதால் இரத்தம் மிகவும் குறைந்திருந்தது. டாக்டர் ஸ்கேனுக்கு எழுதிக்கொடுத்து, வேலை, சாப்பாடு, மனக்கவலை வரை விசாரித்திருக்கிறார். இரும்புச்சத்து மாத்திரையோடு தேத்தண்ணீர் குடிக்கக்கூடாதாம். தேயிலைத் தோட்டத்தில் இருந்துகொண்டு!

திரும்பும்போது மெதுவாகக் கேட்டேன், "வேற என்ன சொன்ன?"

"ஒங்களப் பத்தியும் சொன்னேன்."

"அதுக்கு என்ன சொன்னாங்க?"

"அதுக்கு மருந்தில்லையாம்."

இப்போது தேறிவிட்டாள். ஆனால் அந்த ஆறு மாதமும் ஊரிலுள்ள டாக்டர்களையெல்லாம் திட்டிக்கொண்டு திரிந்தேனே, என் வெட்கத்தைக் காப்பாற்ற அவள் இரத்தம் கொடுத்துக்கொண்டிருந்தாள் என்ற நினைப்பு மட்டும் இன்றுவரை என்னை விடவில்லை.