எள் வயலை உருளைக்கிழங்கு என்று எண்ணிய நாள்

"...பச்சையா இருந்தாப் போதுமா? அடியில கிழங்கு இருக்குன்னு உன் கம்ப்யூட்டர் தோண்டிப் பார்த்துச்சா?" என்றபடியே அக்கா உள்ளே வந்தார். வயலுக்கே போய்வந்த செருப்பு முழுக்க, வங்காளத்து ஹூக்ளி மாவட்டத்துச் சேறு.

லேக் மார்க்கெட் பக்கம், இரண்டாவது மாடியில் எங்கள் அலுவலகம். பயிர்க் காப்பீட்டுக்காக, செயற்கைக்கோள் படத்தையும் மழைக்கணக்கையும் வைத்து, வட்டாரவாரியாக விளைச்சலை மதிப்பிடுவோம். கணக்கு என்னுடையது, புள்ளியியலை இணையத்தில் பார்த்துப் பார்த்துக் கற்றவன் நான். கையெழுத்து, எனக்கு மேலே இருக்கும் அக்காவுடையது. இங்கேயே சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்த தமிழர். பாதிப் பேச்சு வங்காளத்தில் போகும். திட்டும்போது மட்டும் தமிழ் அவ்வளவு அழகாக வரும். கேட்பதற்காகவே தப்பு பண்ணலாம் என்றிருக்கும். அன்று அப்படித் தோன்றவில்லை.

உருளைக்கிழங்குப் பட்டியலில், அக்கா போய்வந்த வட்டாரம்தான் முதலிடம். மற்ற ஊர்களில் செடி காய்ந்துவிட்டது, அங்கே மட்டும் பச்சை நீடித்தது. பச்சை நீடித்தால் கிழங்கு பருக்கும் என்பது என் கணக்கு. முந்தின நாள் அதைப் பெருமையாக வேறு சொல்லித் தொலைத்திருந்தேன்.

"தை மாசப் பனியில நோய் விழுந்து கிழங்கு மொத்தமும் அழுகிப்போச்சுடா. பிடுங்கிப் போட்டுட்டு எள்ளு விதைச்சிருக்காங்க. நீ பார்த்தது எள்ளு!"

விளைச்சல் நன்று என்று பட்டியல் போனால், அங்கே ஒரு விவசாயிக்கும் இழப்பீடு கிடையாது. மூன்று மணிக்குள் அனுப்பியாக வேண்டும். மணி இரண்டே முக்கால்.

"நம்பரைக் குறைச்சுப் போட்டுரட்டுமாக்கா?"

"இன்னைக்கு நீ குறைப்பே, நாளைக்கு எவனாவது கூட்டுவான். அதுக்கு எதுக்குடா கணக்கு?"

மேலாளரின் போன் வந்தது. அக்கா ஸ்பீக்கரில் போட்டார். வங்காளத்தில் அக்காவுக்குத் 'தீதி', அவர் அப்படித்தான் கூப்பிடுவார்.

"என்ன தீதி, லிஸ்ட் ரெடியா?"

"ஒரு வட்டாரத்தை நிறுத்தணும் சார். நம்ம கணக்கு தப்பு."

"இந்தக் கணக்கை நம்பலாம்னு எழுதிக் கொடுத்தது நீங்கதானே? இப்ப தப்புன்னா உங்க வேலைக்குத்தான் ஆபத்து. பேசாம அனுப்புங்க." இணைப்பு அறுந்தது.

அக்கா என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, அந்த வட்டாரத்தின் எண்ணை அழித்தார். 'மதிப்பீடு தவறு. வயலில் நேரடி ஆய்வு தேவை' என்று அடித்தார். கீழே, தவறுக்குப் பொறுப்பு யார் என்றொரு கட்டம். என் பெயரைப் போடக் கை நீட்டினேன். அக்கா அதைத் தட்டிவிட்டு, தன் பெயரை முழுதாக அடித்து, அனுப்பும் பொத்தானை அழுத்தினார்.