விறைத்த கையும் சால்வை முடிச்சும்

பள்ளிக்கூட வரவு இடாப்பில் கையெழுத்துப் போட வேண்டுமா, முதலில் தோளில் கிடக்கும் சால்வையின் நுனியை எடுத்து ஒரு முடிச்சுப் போடுவார் அருமைநாயகம் வாத்தியார். போட்ட முடிச்சை இரண்டு பக்கமும் இழுத்துப் பார்ப்பார். அது அவிழாது என்று மனத்துக்குப் பட்ட பிறகுதான் பேனையை எடுப்பார். குருக்கள்மடத்தில் இதைப் பார்க்காதவர் இல்லை. எதையோ மறக்காமலிருக்கப் போடுகிற முடிச்சு என்று தலைமை வாத்தியார் நினைத்துக்கொண்டிருக்கிறார். பிள்ளைகளோ அது மந்திரம் என்கிறார்கள். கேட்டால், "சும்மாதான்" என்று சொல்லிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

நெட்டை மனிதர். கோட்டுப் பித்தானைக் கழுத்துவரை பூட்டியிருப்பார், வெயிலென்றாலும் மழையென்றாலும். ஆரையம்பதியில் பெண்சாதி கண்ணகையின் சீதன வீட்டில் குடியிருப்பு. காலையில் சைக்கிளில் ஏறினாரென்றால் வழியெல்லாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே போவார், பதினாறாம் வாய்ப்பாட்டில் பள்ளிக்கூடம் வந்துவிடும். படிப்பிக்கிற விஷயத்தில் அவரைக் குறை சொல்ல ஆளில்லை. பின்னம் என்றால் கண்ணீர் விடுகிற பிள்ளைகூட அவரிடம் சிரித்துக்கொண்டு பின்னம் படிக்கும்.

ஆனால் அந்த மனிதரிடம் நெடுங்காலமாக ஆசிரியர் தராதரப் பத்திரம் இருக்கவில்லை. மார்கழி பிறந்தால் புளியந்தீவுப் பட்டணத்துக்குப் போய்ப் பரீட்சை எழுதுவார். மறு வருடம் பிறந்து கொஞ்ச நாளில் சித்தியில்லை, தேறவில்லை என்று வரும். படிப்புக் குறைவா என்றால் இல்லை, எல்லாம் நுனி நாக்கில் இருக்கும். கை ஓடாது, அவ்வளவுதான். வினாத்தாளைத் திருப்பியதும் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு விறைத்துவிடும். பேனை கிடந்து நடுங்கும். "கூதல் கா, கூதல்! வாடைக்காத்து வாவியில முழுகிப்போட்டு வந்து நேரா என்ட கையிலதான் குந்துது" என்பார். குளிர்தான் காரணம் என்று ஊரும் நம்பியது. கல்லடிப் பாலத்தில் மார்கழிக் காற்று ஆளைத் தூக்கி எறியப் பார்க்கும், பரீட்சை மண்டபத்து யன்னலெல்லாம் வாவியைப் பார்த்தபடி இருக்கும், நம்பாமல் என்ன செய்யும்? அதே காற்றில் மற்றவர்களும் இருந்து எழுதினார்களே என்ற யோசனை அப்போது ஒருவருக்கும் வரவில்லை.

வைத்தியத்தை முதலில் கையில் எடுத்தவர் மாமியார் இலட்சுமிப்பிள்ளை. நல்லெண்ணெயில் கற்பூரத்தைப் போட்டுக் காய்ச்சி, மருமகனின் முழங்கைவரை சூடு பறக்கத் தேய்த்து அனுப்பினார். கை என்னவோ சூடாகத்தான் இருந்தது. ஆனால் தொட்ட தாளிலெல்லாம் எண்ணெய் ஊறி, ஊறிய இடத்தில் மை பிடிக்க மாட்டேன் என்றுவிட்டது. அசோகச் சக்கரவர்த்தியைப் பற்றி வாத்தியார் பக்கம் பக்கமாக எழுதினார், தாளில் பாதிச் சக்கரவர்த்திதான் தெரிந்தார்.

அடுத்த முறை பொறுப்பெடுத்தவர் காத்தான்குடித் தையற்காரர் ஹமீட் காக்கா. கையுறை என்று ஒரு சாமான் உலகத்தில் உண்டென்று கேள்விப்பட்டிருந்தாரே தவிர, அவர் கண்ணால் கண்டதில்லை. அதற்காகப் பின்வாங்குகிற ஆளா? பழைய கம்பளிப் போர்வையை வெட்டி, தலையணை உறைபோல ஒன்றைத் தைத்துக் கொடுத்தார். விரலுக்கு வழியே இல்லையே என்று வாத்தியார் கேட்டதற்கு, "விரலெல்லாம் ஒண்டா இரிந்தாத்தான் வாத்தியார் ஒண்டுக்கொண்டு சூடு குடுக்கும். தனித்தனியா விட்டா கூதல் பிடிக்காம என்ன செய்யும்?" என்றார். மண்டபத்தில் மேற்பார்வையாளர் வந்து, "உள்ளுக்கு என்ன வெச்சிருக்கீர்?" என்று அதட்ட, "கை, சேர்" என்றார் வாத்தியார். மேற்பார்வையாளர் நம்பவில்லை. உறையை உருவி, தலைகீழாகப் பிடித்து உதறிப் பார்த்தார். ஒன்றும் விழாதது அவருக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது.

அதற்கும் பிறகு சுட்ட பலாக்கொட்டை. மணலில் புதைத்து வைத்திருந்த கொட்டைகளை அடுப்பில் வாட்டி, சூட்டோடு கோட்டுப் பைக்குள் போட்டுவிட்டார் மாமியார். பைக்குள் கையை வைத்தால் சுகமாகத்தான் இருந்தது, வெளியே எடுத்தால்தானே எழுதலாம்? அதற்குள் சூடு துணியைத் தாண்டித் தொடையில் ஏற, வாத்தியார் துள்ளி எழுந்துவிட்டார். மேலதிகத் தாளுக்குத்தான் எழுந்தார் என்று மேற்பார்வையாளர் ஒரு தாளைக் கொண்டுவந்து கொடுத்தார். மேலதிகத் தாள் வாங்கிக்கொண்டு வெறும் தாளாகக் கட்டிக் கொடுத்தவர் அந்த மண்டபத்தில் அவர் ஒருவர்தான். மணத்துக்குப் பக்கத்து மேசைக்காரருக்கு வாயூறியதாகவும் சொல்கிறார்கள்.

இந்தக் கதையின் உச்சம் மாமியாரின் நேர்த்திக்கடன். வைகாசியில் கண்ணகை அம்மன் கோயில் குளிர்த்தி வந்தது. மதுரையை எரித்துவிட்டு வந்த கோபம் தணிய அம்மனைக் குளிரவைக்கிற சடங்கு. இலட்சுமிப்பிள்ளை பக்தி மிகுதியில், மருமகனின் பரீட்சைப் பேனையைக் கொண்டுபோய்ப் பூசை செய்கிற கட்டாடியாரிடம் கொடுத்து, குளிர்த்திப் பானைத் தண்ணீரில் முழுசாக முக்கி எடுத்து வந்தார். அந்த மார்கழியில் வாத்தியாரின் கை முன்னெப்போதும் இல்லாத மாதிரி விறைத்தது. தாளின் தலையில் போடுகிற சுட்டெண்ணைக்கூட எழுத முடியவில்லை. விஷயத்தைக் கண்டுபிடித்தவர் மாமனார் கந்தப்போடியார்தான்.

"அம்மாளையே கூதலாக்குற தண்ணியில பேனைய முக்கிப்போட்டு, மருமகன்ட கை விறைக்குதாம்! விறைக்காம என்ன புள்ள செய்யும்?" என்று வளவு அதிரச் சிரித்தார்.

இலட்சுமிப்பிள்ளைக்கு முகம் செத்துவிட்டது. யோசித்து யோசித்து மாற்று மருந்து கண்டுபிடித்தார். "அப்ப பாண்டிருப்பில தீ மிதிச்சாச் சரி. குளிர்த்தியில பட்ட கூதல் நெருப்பிலதான் போகும்."

"நான் காலால எழுதுறல்ல மாமி" என்று அழாக்குறையாகச் சொன்னார் வாத்தியார்.

சிரிப்பு அத்தோடு நின்றது. வரப்போகிற பரீட்சையிலும் தராதரப் பத்திரம் எடுக்காவிட்டால் வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும் என்று பள்ளிக்கூட மனேச்சர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். மனம் பொறுக்காமல்தான் சொன்னார், ஆனாலும் சொல்லிவிட்டார். கந்தப்போடியார் அன்றைக்கே மருமகனுக்கு ஆறுதல் சொல்ல வந்தார். "அதுக்கென்ன மருமகன், நம்மட வட்டையில காவலுக்கு ஆளில்லாமத்தானே கிடக்கு. பரணில ஏறிக் குந்தினாப் பண்டியும் வராது, பரீட்சையும் வராது." நல்ல மனத்தோடு சொன்னதுதான். ஆனால் வாத்தியார் பள்ளிக்கூடத்தை நினைத்துப் பார்த்தார். பின்னம் கேட்டுச் சிரிக்கிற பிள்ளைகளை விட்டுவிட்டு, வயலுக்கு நடுவில் பரணில் இருந்து பன்றிக்குத் தகரம் தட்டுவதா? இரத்தம் குடிக்கிற அட்டைக்கு வேறு அவருக்குப் பயம். கண்ணகையும் அங்கேதான் இருந்தாள். அவள் பொதுவாகவே வாயைத் திறக்கிற பெண் இல்லை, நெல்லைப் புடைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பாள்.

அந்த மாரியில் மழை விட்டால்தானே? வாவியும் கடலும் ஒன்றாகி, தெருவில் தோணி ஓடியது. பரீட்சையைத் தள்ளிப் போட்டார்கள். தள்ளிப் போட்டார்களா, எப்போதைக்கு? ஆனி மாதத்துக்கு! கச்சான் காற்று நெருப்பை வாரி வீசுகிற ஆனிக்கு! ஊரே வாத்தியார் சித்தியடைந்துவிட்ட மாதிரிக் கொண்டாடியது. வைகாசிக் குளிர்த்தியன்று இலட்சுமிப்பிள்ளை பேனையைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டுதான் கோயிலுக்குப் போனார். பரீட்சையன்று அவரும் கண்ணகையும் போன மாட்டுவண்டி காத்தான்குடியைத் தாண்டுகையில் ஹமீட் காக்கா கடையிலிருந்து ஓடிவந்து ஒரு பனையோலை விசிறியை நீட்டினார். "கூதலுக்கு உறை தெச்சன், சரி வரல்ல. இந்தா வாத்தியார், விசிறி. இனி இதுதான் வேணும்."

மண்டபத்தில் எல்லாருக்கும் வேர்த்து ஊற்றியது. முன் வாங்கில் இருந்தவரின் சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. கணக்கு வினாத்தாள் வந்தது. அருமைநாயகம் வாத்தியார் அதைத் திருப்பினார். அவ்வளவுதான், விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பேனை நடுங்கியது. வெளியே கச்சான் அனலாய் அடிக்கிறது, உள்ளே அவர் கை மட்டும் மார்கழியில் கிடக்கிறது! இதற்கு யாரைக் குற்றம் சொல்வார்? வாடையும் இல்லை, குளிர்த்தித் தண்ணீரும் இல்லை. முதற் பாதி நேரம் அப்படியே போயிற்று. பிற்பாதியில் பல்லைக் கடித்துக்கொண்டு சில கணக்குகளைக் கிறுக்கினார். மணி அடித்தது.

வாவிக் கரையில் வாகை மரத்தடியில் வண்டியை நிறுத்தி, கண்ணகை சோற்றுப் பொட்டலத்தோடு காத்திருந்தாள். வாத்தியார் போய் முன்னால் நின்றார். விறைத்த கையை நீட்டினார். கண் கலங்கிவிட்டது மனிதருக்கு.

"புள்ள, கூதல் இல்ல. ஆனாலும் கை விறைச்சுத்தான் கிடக்கு. இவ்வளவு நாளும் அது பயம் கா. வெறும் பயம்."

"எனக்குத் தெரியும்" என்றாள் கண்ணகை.

"தெரியுமா? எப்ப இருந்து?"

"கலியாணத்தில இருந்து. தாலி கட்டக்குள்ள உங்கட கை என்ட கழுத்தில பட்டுது. சித்திரை வெயில், பந்தல்ல எல்லாருக்கும் வேர்க்குது. உங்கட கை மட்டும் அப்பதான் வாவியால எடுத்த மீன் மாதிரிக் கிடந்துது."

"அப்ப ஏன் சொல்லல்ல?"

"கூதல் கூதல் எண்டு நீங்க ஆறுதலா இரிந்தீங்க. அம்மாவும் எண்ணெய் காச்சிக்கிட்டு சந்தோசமா இரிந்தா. அதை ஏன் கெடுப்பான்?"

 கண்ணகை சோற்றைப் பிசைந்து அவர் கையில் வைக்கப் போனவள், கொஞ்சம் நிறுத்தினாள். கழுத்தில் கிடந்த தாலிக் கொடியை வெளியே இழுத்து, அதன் முடிச்சைக் காட்டினாள்.

"அந்த விறைச்ச கையாலதான் இதைப் போட்டீங்க. இண்டைக்கு வரைக்கும் அவிழல்ல. கை விறைச்சா விறைக்கட்டும். விறைச்ச கையாலயே எழுதுங்க. இப்ப சாப்பிடுங்க."

இதைவிட நீளமாக அவள் பேசி ஆரையம்பதியில் எவரும் கேட்டதில்லை.

மத்தியானம் அடுத்த பாடத்துக்கு மண்டபத்துக்குள் போனபோதும் கை விறைப்பாகத்தான் இருந்தது. ஊர் எதிர்பார்த்த மாதிரி அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை. வாத்தியார் சால்வை நுனியை எடுத்து ஒரு முடிச்சுப் போட்டார். விரல்கள் முரண்டு பிடித்தன, ஆனாலும் முடிச்சு விழுந்தது. இழுத்துப் பார்த்தார், அவிழவில்லை. பேனையை எடுத்தார். கோழி கிளறிய மாதிரித்தான் எழுத்து, ஆனால் எழுத்து! அடுத்த நாளும் அப்படியே. ஆவணியில் முடிவு வந்தது, கடைசித் தரத்தில் சித்தி. தரமாவது கிரமாவது, சித்தி! இலட்சுமிப்பிள்ளை அது பெட்டியில் வைத்துப் பூட்டிய பேனையின் மகிமை என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஹமீட் காக்கா விசிறியைச் சொல்கிறார். கந்தப்போடியார் வட்டைக்கு வேறு காவல்காரன் பிடித்துவிட்டார், அவனுக்கு அட்டையைப் பற்றிக் கவலையில்லை.

போன கிழமை பள்ளிக்கூடத்துக்குப் பரிசோதகர் வந்திருந்தார். வாத்தியாரின் வகுப்பில் நாள்முழுக்க இருந்து, கரும்பலகையில் எழுதச் சொல்லிப் பார்த்து, நல்ல பேர் எழுதி வைத்துவிட்டுப் போனாராம். வாத்தியார் அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து சைக்கிளைச் சாத்திவிட்டுச் சால்வையைக் கழற்றிக் கொடியில் போட்டார், ஒன்றும் நடக்காத மாதிரி. தோய்க்க எடுத்த கண்ணகை நுனியைப் பார்த்தாள். முடிச்சுக்கு மேல் முடிச்சாக, கொட்டைப்பாக்கு அளவில் இறுகிக் கிடந்தது.

"இண்டைக்கு ஆரோ பெரிய ஆள் வந்திரிக்கார் போல" என்றாள்.

வாத்தியார் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு பதினாறாம் வாய்ப்பாட்டை முணுமுணுத்தார். அவள் நகத்தால் நெம்பிப் பார்த்தாள், அசையவில்லை. பிறகு கிணற்றுக் கட்டில் குந்தி, அந்த முடிச்சை வாயில் வைத்து, பல்லால் கடித்து மெல்ல மெல்ல இளக்கத் தொடங்கினாள்.