புளியமரத்தில் பதினோரு குரல்

இப்போது எனக்கு வலது காது மந்தம். அதனால் இதை எழுதினால் நம்புவார்களோ என்று கவலையாக இருக்கிறது. அப்போது இரண்டு காதும் நன்றாகவே கேட்டன.

எழுபதுகளின் கடைசியில் புதூர்நாட்டு வன அலுவலகத்தில் நான் எழுத்தர். குடியிருப்புக்குப் பின்னால் ஒரு புளியமரம். பல் துலக்கும்போது அதிலிருந்து வரும் பறவைக் குரல்களை எண்ணுவேன். மலையிலுள்ள பறவைகளின் பட்டியலைப் புதிதாக வந்த ரேஞ்சர் கேட்டபோது, அந்த ஒரு மரத்திலேயே பதினோரு வகை என்று எழுதிக் கொடுத்தேன்.

மறுநாளே அவர் மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஒன்றரை மணி நேரத்தில் கண்ணில் பட்டது கருந்தலை மைனா ஒன்றே ஒன்று.

"இதுவா பதினொண்ணு? இந்த வருஷம் மரக் கணக்கை வேற ஆள் எடுக்கட்டும்" என்று பட்டியலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஆறு வருடமாக அந்தக் காட்டின் மரங்களை எண்ணியவன் நான். எனக்குச் சோறு இறங்கவில்லை. எங்கள் வாட்சர் மலைக்காரர், முன்பல் இரண்டு இல்லாதவர். அவர் தினமும் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "இன்னா சார், இன்னிக்கி எத்தினி பேரு ஆஜரு?" என்பார்.

நோட்டும் பென்சிலுமாக மரத்தடியில் உட்கார்ந்தேன். எந்தக் குரல் எப்போது வந்தது என்று வரிசையாகக் குறித்தேன். பத்தொன்பதாம் நாள் நோட்டைப் புரட்டியபோதுதான் உறைத்தது: இரண்டு குரல்கள் ஒருமுறைகூடச் சேர்ந்து வரவில்லை. பதினோரு பேர் இருக்கும் இடத்தில் ஒருவர் பேச்சில் இன்னொருவர் குறுக்கிடாமலா இருப்பார்கள்? நிமிர்ந்து பார்த்தேன். கொண்டைக்குருவியின் குரல் வந்தது; மைனாவின் தொண்டை அசைந்தது. மாம்பழச்சிட்டு கூவியது, அதே தொண்டை.

ரேஞ்சரிடம் சொன்னால், காதோடு கண்ணும் போயிற்று என்பார். சாட்சி வேண்டும். அதற்கு மூன்றாம் நாள் அது தானாக வந்தது, பன்னிரண்டாவது குரலாக: மூன்று சுரத்தில் ஒரு சீட்டி, மூன்றாவதில் மட்டும் காற்று ஒழுகியது. சரிவில் மேயும் பசுவை வாட்சர் கூப்பிடும் சீட்டி!

மறுநாள் காலை ரேஞ்சரையும் வாட்சரையும் மரத்தடிக்கு அழைத்துவந்தேன். வாட்சர் கையில் டீயைக் கொடுத்து, "பேசாம குடிய்யா" என்றேன். மைனா கொண்டைக்குருவியாகக் கூவியது. பிறகு கரிச்சான், பிறகு வல்லூறு. அதோடு நிறுத்திக்கொண்டது. நான் நோட்டைப் புரட்டினேன்.

சீட்டி கேட்டது.

ரேஞ்சர் சட்டென்று வாட்சர் பக்கம் திரும்பினார். அவர் வாய் நிறைய டீ. விழுங்கிவிட்டு, "நான் இல்லீங்க!" என்றார். மறுபடியும் சீட்டி. கீழே புதர் விலகியது. செவலைப் பசு மேலேறி வந்து, மரத்தைப் பார்த்து "ம்மா" என்றது.

"அடிப்பாவி! எனக்குப் பல்லு இல்லாததுகூட அதுக்குத் தெரிஞ்சிகீதே!" என்றார் வாட்சர்.

ரேஞ்சர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு எழுந்து என்னை அதில் உட்காரச் சொன்னார். பட்டியலில் நானே பதினொன்றை அடித்துவிட்டு, 'பறவை ஒன்று, குரல் பன்னிரண்டு' என்று எழுதினேன். ரேஞ்சர் கீழே கையெழுத்துப் போட்டார்.

"மரக் கணக்கை எப்ப ஆரம்பிக்கிறீங்க?"

"இப்பவே" என்றேன். மரங்களுக்கு எண் போடும் தார் டப்பாவை எடுத்து வந்து, அந்தப் புளியமரத்தின் அடியில் பெரிதாக 1 போட்டேன்.