எல்லார் கைக்கும் பொருந்தும் மவுஸ்

புதுக்குடியிருப்பில், எங்கள் வீட்டு அறையிலிருந்து கேமிங் மவுஸ், கீபோர்ட் விமர்சனங்களை யூடியூப்பில் போடுகிறேன். வீட்டில் முதலில் படித்தவன் என்பதால், நான் சொன்னால் பிழை இருக்காது என்றொரு நினைப்பு. ஒரு மவுஸைக் காட்டி, "எல்லார் கைக்கும் பொருந்தும்" என்று சொல்லிவிட்டேன்.

அதை நம்பி விசுவமடுவிலிருந்து ஒரு அண்ணை பஸ் ஏறி வந்தார். அவருக்கு வலக்கை இல்லை. போர் நடந்த எங்கள் பக்கத்தில் அப்படி எத்தனையோ பேர். வீடியோவில் பேசும்போது அது என் நினைவுக்கே வரவில்லை.

வலக்கைக்கென்று வளைத்த மவுஸ் அவருடைய இடக்கையில் அடங்கவில்லை.

"என்ன தம்பி, உம்மட 'எல்லார்'க்குள்ள நான் இல்லையோ?" என்று சிரித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "மகன் தாயோட கனடாவில. எனக்கு விசா சரிவரேல்ல. போனில 'சாப்பிட்டியோ' எண்டு கேட்டா, 'ஓம்' எண்டிட்டு வச்சிடுவான். கேம் விளையாடினா கதைப்பானாம்."

இரு பக்கமும் ஒரேமாதிரி இருக்கும் என் சாதாரண மவுஸை மாட்டி, மகன் விளையாடும், மவுஸால் மட்டுமே ஆடக்கூடிய கேமைத் திறந்து, அவனோடு இணைத்துக் கொடுத்தேன்.

ஸ்பீக்கரில் பையனின் குரல் வந்தது. "அப்பா, தனியப் போகாதேங்கோ. எனக்குப் பின்னாலயே வாங்கோ."

"வாறன் ராசா, வாறன்." அவர் கதிரையைத் திரைக்கு நெருக்கமாக இழுத்துக்கொண்டார். முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை.

இப்போது எந்த மவுஸ் வந்தாலும் முதலில் இடக்கையில் வைத்துப் பார்க்கிறேன். அந்த "வாறன்" காதில் கேட்கும். அவர் ஒருநாள் உண்மையாகவே மகனிடம் போகவேண்டும் என்று மனம் கிடந்து தவிக்கும்.