நௌபரின் இடது கை

நௌபரின் இடது கை முதுகுக்குப் பின்னால்தான் இருக்கும். சந்தையில் மீன் விலை கேட்கும்போதும் அங்கேதான். கிண்ணியா பஸ்ஸில் இருக்க இடம் கிடைத்தால், முதுகுக்கும் சீட்டுக்கும் நடுவில் நசுங்கிக் கிடக்கும். திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்திருக்கும் பழைய மாளிகை ஹோட்டலில் அவர் பரிமாறுகிறவர். கையை அப்படி வைக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். எடுக்க யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

வெள்ளைக்காரக் கப்பற்படை அதிகாரி ஒருவன் கட்டிய மாளிகை அது. அறைகள் கொஞ்சம், விறாந்தை நீளம். புள்ளிமான்கள் தோட்டத்துக்குள் புகுந்து பூச்செடியை மேயும். நௌபர் கல்லெடுக்க மாட்டார். "கொஞ்சம் அங்கால போங்களன்" என்பார். போகாவிட்டால், அதுவும் விருந்தாளிதான் என்று விட்டுவிடுவார்.

விருந்தாளி நிற்கும்போது அவர் உட்காருவதில்லை. வீட்டிலும் அதே கதைதான். மனைவி நஜ்முன் நிஸா ஆக்கிய சோற்றை அவளுக்கும் மகள் றிஷானாவுக்கும் அவரே பரிமாறுவார். பிறகு குசினி வாசலில் நின்றபடி நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொள்வார். "இரிந்து திண்டா எனக்கு இறங்குதில்ல, புள்ள." மகளுக்கே மாப்பிள்ளை பார்க்கிறார்கள், புருஷனோடு உட்கார்ந்து ஒருவேளைச் சோறுகூடச் சாப்பிடவில்லையே என்ற குறை நஜ்முன் நிஸாவுக்கு நெஞ்சிலேயே கிடந்தது.

அந்த ஹோட்டலில் ஒரு வழக்கம். வேலை செய்கிறவர்கள் வருடத்தில் ஒருநாள் துணையோடு விருந்தாளியாகத் தங்கலாம். நௌபருக்கு வருடாவருடம் அந்த நாளில் காய்ச்சல் வந்துவிடும். இந்த வருடம், அப்படியொரு நாள் இருக்கிற விஷயம் நஜ்முன் நிஸாவின் காதுக்கு எட்டிவிட்டது.

"நீங்க வராட்டி விடுங்க, றிஷானாட வாப்பா. நான் தனியப் போய்த் தங்கிட்டு வாறன்."

இருவரும் போனார்கள். அறைக்குள் நுழைந்ததும் அவள் கடலைப் பார்த்தாள். அவர் தலையணையில் ஒரு சுருக்கத்தைப் பார்த்து நீவிவிட்டார்.

பகல் சாப்பாட்டுக்கு விறாந்தையில் மேசை போட்டிருந்தது. நௌபர் கதிரையை இழுத்து மனைவியை இருத்திவிட்டு, அதன் பின்னால் போய் நின்றுகொண்டார். கை தன் இடத்துக்குப் போய்விட்டது.

கூட வேலை செய்யும் இன்பாஸ் மீன் கொண்டுவந்தான். "நானா, இரிங்களன். இண்டைக்கு நீங்களும் விருந்தாளிதானே."

"ஓம், ஓம். நீ மீனை வை. வலப்பக்கத்தால இல்ல, இடப்பக்கத்தால."

நஜ்முன் நிஸா எழுந்தாள். அவருக்குப் பக்கத்தில் வந்து, அவரைப் போலவே இடது கையை முதுகுக்குப் பின்னால் மடித்துக்கொண்டு நின்றாள். மற்ற மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்ன புள்ள இது? இரியன்."

"நீங்க இரிந்தாத்தான்."

"விருந்தாளி நிக்கக்குள்ள எனக்கு இரிக்க ஏலாது."

"அப்ப ரெண்டு பேரும் நிப்பம். நமக்கென்ன, நாளைக்குத்தானே போகணும்."

மீன் ஆறிக்கொண்டிருந்தது. ஆறிய பாரை மீனை மேசையில் பார்த்தால் நௌபருக்கு உயிர் போய்விடும். மானொன்று படியேறி வந்து, கையைப் பின்னால் மடித்து நின்ற இருவரையும் பார்த்துவிட்டு, திரும்பிப் போயிற்று.

நௌபர் உட்கார்ந்தார். கதிரை நுனியில்தான். எதிரே அவளும் உட்கார்ந்தாள். இடது கை மெல்ல முன்னால் வந்து, செய்ய ஒன்றுமில்லாமல் மேசை விரிப்பைத் தடவிக்கொண்டிருந்தது.

நஜ்முன் நிஸா மீனின் நடுத்துண்டை எடுத்தாள். மேசைக்கு மேலாக எட்டி, கையை நன்றாக வளைத்துச் சுற்றிக் கொண்டுபோய், அவருடைய இடப்பக்கத்தால் தட்டில் வைத்தாள்.